நீ வெட்டிவிட்ட உதாரணம்

இன்று இரண்டாம் பாடத்துக்கு மணியடித்த பிறகு, புதிதாக வந்திருக்கும் அரசியல் டீச்சர் ரோணியோ இயந்திரத்தில் அச்சடித்த தாள்களை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் வந்தாள். மை இன்னும் காயவில்லை. அந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். எட்டு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில், விரல் நுனி கறுத்துப்போய், அந்த மணத்தோடு இருந்தவள் நீ.

தாளொன்றை வாங்கிப் படித்தேன். தலைப்பு, இயற்கைச் சட்டம். முதல் வரி உன்னுடையது. எழுதப்படாதது, எல்லா மனிதருக்கும் பொதுவானது, பகுத்தறிவால் அறியத்தக்கது, இதற்கு முரணான சட்டம் சட்டமாகாது. அதற்குக் கீழே ஓர் உதாரணம். ஒரே தாய்வழிக் குடிக்குள் மணம் முடித்தல் தகாது என்பதை எந்த மதமும் சொல்லித்தராமலே மனிதர் அறிந்திருக்கிறார்கள். நீ உன் கையாலேயே வெட்டிவிட்ட வரி அது. வெட்டுவதற்கு முந்திய பிரதியொன்று யாரோ ஒரு பழைய மாணவியின் கொப்பிக்குள் இவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்கிறது.

நான் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினேன். அந்தப் பிள்ளை திகைத்துப்போய், "ஏன் டீச்சர், பிழையா?" என்று கேட்டாள். எழுதினவளே வெட்டின வரி என்றேன். நாற்பது தாள்களிலும் வெட்டச் சொன்னேன். வெட்டுவாளோ தெரியாது. உனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாம் சந்தித்தது எழுபதுகளின் நடுவில். நீ காரைதீவிலிருந்து பஸ்ஸில் வருவாய். மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, பல்கலைக்கழகத்தில் மெய்யியல் முடித்து, எங்கள் கல்முனைப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் அரசியலும் படிப்பித்தாய். நான் அதே வகுப்புக்கு இஸ்லாமிய நாகரிகம். ஒரே பிள்ளைகள் காலையில் உன்னிடம் சட்டம் என்றால் என்ன என்று கற்றுவிட்டு, பின்னேரம் என்னிடம் அதே கேள்வியோடு வருவார்கள். நீ வேண்டுமென்றே கிளப்பி அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் சும்மா இருக்கவில்லை. என் வகுப்பிலிருந்து கேள்விகள் உன் வகுப்புக்குப் போகும்.

நம் வாதத்தின் வேர் பழையது. நன்மை என்பது நன்மையாக இருப்பதனால் இறைவன் அதை ஏவினானா, இறைவன் ஏவியதனால் அது நன்மையாயிற்றா? எங்கள் பழைய அறிஞர்களே இதில் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள் என்று சொன்னேன். வஹீ என்னும் இறைச்செய்தி வருமுன்பே நல்லது கெட்டதை அறிவு காணும் என்றார்கள் ஒரு சாரார். அறிவு தனியே விட்டால் தன் விருப்பத்தைத்தான் நீதி என்று சொல்லும் என்றார்கள் மறு சாரார். எங்கள் ஊரில் ஓதிக் கொடுத்தது இரண்டாம் சாராரின் வழி. நீ முதலாம் சாராரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். "அவங்க எங்கட ஆக்கள் கா," என்றாய், ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரபிகளைப் பற்றி, ஏதோ காரைதீவுச் சந்தியில் கடை வைத்திருப்பவர்களைப் போல.

"உங்கட சட்டம் மேலேயிருந்து இறங்கினது. என்ட சட்டம் உள்ளுக்கயிருந்து வாறது," என்பாய்.

"உள்ளுக்கயிருந்து வாற சட்டத்துக்குக் கந்தோர் எங்க இரிக்கி? எந்தக் கிழமை திறக்கிற?" என்று நான் கேட்பேன்.

"உன்ட காதியார் வீட்டு விறாந்தைய விட நல்ல இடத்தில, மௌலவியம்மா."

இப்படித்தான் நீ என்னைக் கூப்பிடுவாய். மற்ற ஆசிரியர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு சுற்றி நின்று சிரிப்பார்கள். எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. வாதம் என்பது வாயோடு முடிவது என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம்தான், வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் நீர்ப்பாசனக் கந்தோர் ஓவசியர் என்னைப் பெண் கேட்டார். மனைவியை இழந்தவர், பிள்ளையில்லை. அமைதியான மனிதர். வாய்க்கால் கட்டுக்கு வரும் வயல் சொந்தக்காரப் போடியார்களோடு கதைக்கும்போதுகூடக் குரலை உயர்த்தாதவர். எனக்கு விருப்பம். வாப்பா மௌத்தாகி ஒன்பது வருடம். அதனால் எனக்கு வலீ, அதாவது என் கல்யாணத்துக்குப் பொறுப்பாக நின்று என்னைக் கொடுக்க வேண்டிய ஆண், என் தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவனுடைய கையைப் பிடித்து முதல் எழுத்து எழுதப் பழக்கியவள் நான். என் வாழ்க்கைக்கு அவன் கையெழுத்து வேண்டும், என்னுடையது வேண்டாம். இதை நீ கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டாய். நான் பெரிதாக எடுக்கவில்லை. தம்பிதானே, வைப்பான் என்றேன்.

வைக்க மாட்டேன் என்றான். ஓவசியரும் நாங்களும் ஒரே குடி.

குடி நம் கரையில் தாய் வழியாக வருவது. முஸ்லிமுக்கும் உண்டு, தமிழருக்கும் உண்டு. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பிறந்த நாள் தொட்டுக் கண்டிராவிட்டாலும் அண்ணன் தங்கை முறை. ஓவசியரின் தாய் எங்களுக்கு எந்த வழியில் சொந்தம் என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முறை தெரியும்.

தம்பி முற்றத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ராத்தா, நீங்க படிச்சவங்க. இத மிருகம் கூடச் செய்யாது."

"மிருகத்துக்குக் குடி இரிக்கா தம்பி?"

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிறுத்தாமலே, "குடிய உனக்குத் தந்தது நான்தான் மகள்," என்றா. அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் உன்னிடம் ஓடிவந்தேன். உலகத்தில் ஓர் ஆளாவது இதைச் சிரித்துத் தள்ளுவாள் என்றால் அது நீ என்று நினைத்தேன். பகுத்தறிவு, பகுத்தறிவு என்று எட்டுப் பாடமும் சொல்லுகிறவள். நீ சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாய். நான் சொல்லி முடித்ததும் மூடிவிட்டாய்.

"ஒரே குடியிலயா கா?" என்றாய்.

அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லுக்குள் என் தம்பி இருந்தான், பள்ளிவாசல் மரைக்கார் இருந்தார், உன் ஊரும் என் ஊரும் இருந்தன. உன் உதடு சுருங்கியதை நான் கண்டேன். பிறகு நீ சமாளித்துக்கொண்டு, மனதுக்கு ஒவ்வாதது என்று ஒன்று இருக்கிறது, எல்லாச் சமூகமும் ஏதோவொரு எல்லை வைத்திருக்கிறது, என் நோட்ஸிலும் அதைத்தான் உதாரணமாகக் கொடுத்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னாய்.

நான் சொன்னதையும் மறக்கவில்லை. யார் யாரை மணக்கக்கூடாது என்று எங்கள் வேதத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தாய், மகள், சகோதரி, பாலூட்டிய தாய் வரைக்கும் எண்ணிச் சொல்லுகிறது. எண்ணிவிட்டு, இதற்கு அப்பால் உள்ளவர்களை மணப்பது ஆகும் என்று முடிக்கிறது. குடி அதில் இல்லை. நீ எல்லா மனிதர் நெஞ்சிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டிய எழுத்து, காரைதீவிலும் கல்முனையிலும் மட்டும் எழுதப்பட்ட எழுத்து. "உன்ட இயற்கை நம்மட கரையத் தாண்டுமா எண்டு போய்ப் பார்," என்றேன். உரக்கச் சொன்னேன். மூன்று வாரம் நாம் பேசவில்லை.

அந்த மூன்று வாரத்தில் நான் எனக்குள் கொஞ்சம் பயந்தேன் என்பதையும் உன்னிடம் இப்போது சொல்லிவிடுகிறேன். உனக்கு வந்த அந்த உதட்டுச் சுருக்கம் எனக்கும் உள்ளே எங்கோ இருந்தது. ஓவசியரின் பெயரை நினைக்கும்போது சிலவேளை உடம்பு கூசியது. அது இயற்கையின் குரல்தானோ என்று கேட்டுக்கொண்டேன். பிறகு, சிறு வயதிலிருந்து நான் கேட்ட பேச்சின் குரல் என்று முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுக்க எனக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. பகுத்தறிவு மட்டும் போதவில்லை. இதை அன்று உன்னிடம் ஒப்புக்கொண்டிருந்தால் நீ வென்றிருப்பாயா தோற்றிருப்பாயா, தெரியவில்லை.

எங்கள் கல்யாண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் மனுக் கொடுத்தேன். வலீ தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் அந்தப் பொறுப்பு அவரிடமிருந்து காதிக்கு வரும் என்பது எங்கள் சட்டத்தில் உள்ளது, நான் கண்டுபிடித்ததல்ல. காதியார் அரபுப் பாடசாலையில் ஓதிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், சண்டையை விரும்பாதவர். மனுவைப் படித்துவிட்டு எனக்கு ஒரு வழி சொன்னார்.

"தம்பி சவூதிக்குப் போறாரு தானே டீச்சர். இன்னம் ரெண்டு மாசம். வலீ ரெண்டு நாள் பயணத் தூரத்துக்கு அங்கால இருந்தா நானே முடிச்சி வைக்கலாம். அப்பிடி எழுதுவம். ஆருக்கும் வெக்கமில்ல."

அன்று பின்னேரம்தான் நீ திரும்பி வந்தாய். பஸ் தரிப்பிடத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாய். உன் நோட்ஸ். அந்த உதாரணத்தின் மேல் ஒரே கோடு, தாள் கிழியுமளவுக்கு அழுத்தி இழுத்திருந்தாய். மன்னிப்புக் கேட்கவில்லை. "புது ஸ்டென்சில் வெட்டப் போறன்," என்றாய். எனக்கு அது காணும், வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

காதியார் சொன்ன வழியைச் சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாய். இரண்டு மாதம் பொறுத்தால் முடிந்தது என்றாய். அநியாயமாகக் கட்டிப்போடுகிற விதிக்கு நாம் நேராக நிற்கக் கடமையில்லை, ஒதுங்கிப் போனால் பாவமில்லை என்றாய். உன் தத்துவத்தில் அதற்கு இடம் இருந்தது. அநீதியான சட்டம் சட்டமே இல்லையென்றால் அதைச் சுற்றிப் போவதில் என்ன குற்றம்?

நான் மாட்டேன் என்றேன். நீ என்னைப் பைத்தியக்காரி என்றாய்.

"அப்பிடி முடிச்சா, தம்பி ஊர்ல இல்லாததால நடந்த கலியாணம் எண்டுதான் எழுத்தில இருக்கும்," என்றேன். "ஒரே குடி எண்டு மறுத்தது செல்லாது எண்டு எங்கயும் இருக்காது. தடை நிண்ட இடத்திலயே நிக்கும். நான் மட்டும் வேலிக்குக் கீழால பூந்து போயிருப்பன்."

"உனக்குக் கலியாணம் வேணுமா, தீர்ப்பு வேணுமா கா?"

"ரெண்டும்."

பஸ் வந்தது. நீ ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் என்னைத் திட்டிக்கொண்டே நின்றாய்.

சனிக்கிழமை காதியார் வீட்டு விறாந்தையில் விசாரணை. சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமில்லை. அவரவர் வாய்தான் அவரவர்க்கு. நீ உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் கிணற்றடிப் பக்கத்து வாங்கில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

காதியார் தம்பியிடம் காரணம் கேட்டார். மாப்பிள்ளை தொழுகிறவரா? ஓம். உழைப்பு இருக்கிறதா? ஓம். குணத்தில் குறை உண்டா? இல்லை. பிறகென்ன? ஒரே குடி. அவ்வளவுதான் அவன் சொன்னான். அவனுக்காகப் பேச, பள்ளிவாசலில் எங்கள் குடிக்குத் தலைவராக உள்ள மரைக்கார் வந்திருந்தார். வாப்பாவின் கூட்டாளி. என்னைப் பார்க்காமல், நூறு இருநூறு வருடமாக இப்படித்தான் என்றும், இது மார்க்கம் என்றும் சொன்னார்.

"வழக்கம் எண்டு சொல்லுங்க மரைக்கார்," என்றார் காதியார். "மார்க்கம் எண்டு சொல்லாதீங்க."

வழக்கத்துக்கு எங்கள் சட்டத்தில் மரியாதை உண்டு என்றும், ஆனால் ஆகுமானதை ஆகாது என்று ஆக்குகிற வழக்கத்துக்கு இல்லை என்றும் அவர் சொன்னார். சொல்வது சுலபம். எழுதுவது வேறு. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வெகு நேரம் எழுதவில்லை. அவருக்கும் கட்டிக் கொடுக்க வேண்டிய மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு குடி இருந்தது, அந்தக் குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்தார்.

"டீச்சர், எழுதினா இது நிக்கும். தம்பிட பேரும் அதோட நிக்கும். ரெண்டு மாசம் பொறுக்கேலாதா?"

தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான், அந்த மாதத்தில் முதல் தடவையாக. அவனுக்கு எழுதப் பழக்கிய நாட்களில், பிழை விட்டால் இப்படித்தான் பார்ப்பான். அந்த நேரம் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று உனக்கு நான் பிறகு சொன்னது பொய்.

"நிக்கட்டும்," என்றேன்.

காதியார் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். வலீ சொன்ன காரணம் சட்டத்தில் காரணமன்று; மறுப்பு முறையற்றது; பொறுப்பு காதியிடம் வருகிறது. தம்பி எழும்பிப் போனான். கிணற்றடியில் உன்னைக் கடந்துதான் போனான். அவன் அழுதான் என்று நீதான் எனக்குச் சொன்னாய். நான் கேட்காமலே சொன்னாய், நான் அதையும் சுமக்க வேண்டும் என்பதுபோல.

கல்யாணத்தன்று நீ சிவப்புச் சேலையில் வந்து பெண்கள் அறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். பெண்ணின் சம்மதம் கேட்க ஆட்கள் வந்தார்கள். மௌனமாக இருந்தாலே சம்மதம் என்பது மார்க்கக் கிதாபில் உள்ளது. தலையைக் குனிவது ஊர் மரியாதை. நான் குனியவில்லை. எனக்குச் சம்மதம் என்று ஆண்கள் இருந்த பந்தல் வரைக்கும் கேட்கச் சொன்னேன். யாரோ ஒரு மாமி என் துடையில் கிள்ளினா. நீ சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாய்.

பிறகு பதிவுப் புத்தகம் பந்தலுக்குள்ளேயே சுற்றியது. மாப்பிள்ளை கையெழுத்து வைத்தார், காதியார் வைத்தார், சாட்சிகள் வைத்தார்கள். மூடிவிட்டார்கள். உன் சிரிப்பு நின்றது.

"நீ எங்க வைக்கிற கா?" என்று என் காதுக்குள் கேட்டாய்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"குடிய வெட்ட உனக்குப் புத்தகம் இருந்திச்சு. இத வெட்ட என்ன இரிக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. மணப்பெண் பதில் சொல்லத் தேவையில்லாத நாள் அது. ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்த நாளிலும் நான் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் நீ அதைத் திருப்பிக் கேட்டதேயில்லை. மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவள், வெல்லக்கூடிய அந்த ஓர் இடத்தை மட்டும் எனக்காக விட்டு வைத்தாய். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு காலம் கெட்டது. உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்சத் தூரம் ஒரு நாளைக்குத் திறக்கும், ஒரு கிழமைக்கு மூடும். நீ மட்டக்களப்புப் பக்கம் இடமாற்றம் எடுத்துப் போனாய். சிறுநீரகம் பழுதாகி நீ ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தி எனக்கு வந்தபோது பாதை மூடியிருந்தது. திறந்தபோது நீ இல்லை. அந்த மூடலுக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் காரணம் சொன்னார்கள். எல்லாக் காரணத்திலும் இயற்கை என்ற சொல் இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்வது இயற்கையாக ஆகாதாம். நீ இருந்திருந்தால் அந்த வரியையும் வெட்டியிருப்பாய். நீ இல்லாததால் நான் வெட்டுகிறேன், கேட்கிற இடத்தில் எல்லாம், சில வேளை ஆபத்தான இடத்திலும்.

உன்னிடம் நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றும் இருக்கிறது. பகுத்தறிவு தானாகவே நீதியைக் காணும் என்பதை இன்றும் நான் ஏற்கவில்லை. உன் உதட்டையும் என் உடம்பையும் நான் கண்டிருக்கிறேன். எழுதப்பட்ட ஒரு வரிதான் என்னை விடுவித்தது. ஆனால், எழுதப்பட்டதைத் திறந்து படிக்கச் சொல்லி ஒருத்தி போய் நிற்காவிட்டால் அது மூடியே கிடக்கும் என்பதும், ஏன் இது இப்படி என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்காவிட்டால் அவள் போகவே மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் குரலுக்கு நீ வைத்த பெயர் வேறு. எங்கள் பக்கம் அதற்குப் பித்ரா என்று பெயர், மனிதன் பிறக்கும்போதே கொண்டுவரும் தன்மை. பெயருக்காக இனி உன்னோடு சண்டை பிடிக்க மாட்டேன்.

போன மாதம் என்னிடம் படித்த பிள்ளையொருத்தி வந்தாள். அவளுக்கும் அதே கதை, ஒரே குடி, வாப்பா மறுக்கிறார். பழைய காதியார் மௌத்தாகிவிட்டார். இப்போதிருப்பவர் வயதில் இளையவர், அதே வீட்டு விறாந்தையில்தான் விசாரிக்கிறார். இப்படி ஒன்று இந்த ஊரில் நடந்ததேயில்லை என்றாராம். நான் கூடவே போனேன். பழைய கோப்புகளை எடுக்கச் சொன்னேன். தூசி தட்டித் தேடினார், இருந்தது. என் மனுவும் என் தம்பியின் பெயரும் பழைய காதியாரின் எழுத்தும். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு அது காணுமாயிருந்தது. போன சனிக்கிழமை அவளுக்கும் அப்படியே எழுதினார்.

எழுதி முடித்ததும் அந்தப் பிள்ளை பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, "டீச்சர், நான் எங்க சைன் வைக்கிற?" என்று கேட்டாள். பத்து வருடமாக நான் பதில் சொல்லாத கேள்வி. அவளை நான் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. காதியாரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாள். படிவத்தில் இடமில்லை என்றார். பெண்ணின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, அதை அவள் கையால் எழுதக்கூடாது என்று எங்கே சொல்லுகிறது என்று நான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கேயும் சொல்லவில்லையென்றால் அதையும் எழுதித் தாருங்கள் என்றேன்.

இன்னும் எழுதித் தரவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை. முதல் ஆளாகப் போய், கிணற்றடியில் நீ இருந்த அந்த வாங்கில் உட்காருவேன்.